மகிழ் முற்றம்: ஐந்திணை வேட நாள், கபடி, கோ-கோ, மன்றங்கள் எல்லாம் ஒரே வாரத்தில். எப்படி நடத்துவது?

பொறுப்பாசிரியர்_9பி

அனைவருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி, 6 முதல் 10 வரை, மொத்தம் 300 பேர். 2024-இல் வந்த மகிழ் முற்றம் திட்டப்படி குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழுவுக்கு 60 பேராகப் பிரித்தாகிவிட்டது. பெயர்ப் பலகை மாட்டியதோடு நின்றுவிடக் கூடாது என்பதால் ஜூலை கடைசி வாரத்தை ஒதுக்கியிருக்கிறோம். திங்கள் முதல் வியாழன் வரை தினமும் கடைசி இரண்டு பாடவேளை, அதாவது 80 நிமிடம், விளையாட்டுக்கு. வெள்ளி காலை ஒவ்வொரு குழுவும் தன் திணையை வேடமிட்டுக் காட்ட வேண்டும், பிற்பகல் மீதி விளையாட்டும் பரிசும்.

கையில் இருப்பது மொத்தம் 3000 ரூபாய். மைதானம் ஒன்றுதான். ஆனால் இரண்டு ஆடுகளம் போட இடம் உண்டு. வேடம் எப்படிச் செய்வது, ஐந்து அணிக்கு அட்டவணை எப்படிப் போடுவது, மன்றங்களுக்கு என்ன வேலை கொடுப்பது? வாடகை உடைக் கடையில் எடுத்துவிடலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

அரிதாரப்பெட்டி

வணக்கம் டீச்சர். வாடகை உடை வேண்டாம். வாடகைக் கடையில் கிடைப்பது ராஜா, ராணி, பரத உடை, தலைவர்கள் வேடம் இவ்வளவுதான்; திணைக்கு அங்கே ஒன்றும் இருக்காது. எடுத்தாலும் அளவு சேராமல் முதுகில் ஏழெட்டு ஊக்கு குத்தி நிறுத்த வேண்டிவரும். பிள்ளை ஓடும்போது முதலில் கழன்று குத்துவது அந்த ஊக்குதான். கிழிந்தால் முன்பணமும் போகும்.

60 பேருக்கும் வேடம் போடாதீங்க. குழுவுக்கு 12 பேர் போதும். ஒரு முகத்துக்கு 5 நிமிடம் என்று வைத்தால் 12 பேருக்கு ஒரு மணி நேரம். குழுவுக்கு இரண்டு பேர் ஒப்பனை செய்தால் அரை மணியில் முடியும். மீதி 48 பேர் சீருடையில், மணிக்கட்டில் குழு நிறத்தில் ஒரு துணிப் பட்டை. 3000-ஐக் குழுவுக்கு 400 என்று பிரித்து, 1000-ஐப் பொதுச் செலவுக்கு (கயிறு, கோலமாவு, ஃபெவிகால், முதலுதவி) நிறுத்திக்கொள்ளுங்க. எந்தக் குழுவும் 400-க்கு மேல் செலவழித்தால் மதிப்பெண் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடணும். இல்லாவிட்டால் எந்த வீட்டில் பணம் இருக்கிறது என்பதற்கான போட்டியாக மாறிவிடும்.

அதைவிட முக்கியமான ஒன்று. மனிதர்களை வேடமாக எடுக்காதீங்க. குறிஞ்சி என்றால் குறவன் குறத்தி, பாலை என்றால் எயினர் என்று முகத்தில் கரி பூசி நிறுத்துவதுதான் பல இடங்களில் நடக்கிறது. தோல் நிறத்தை மாற்றும் ஒப்பனையே கூடாது. நிலத்தை எடுங்க, பறவை, விலங்கு, பூ, பறை, யாழ், தொழிற்கருவி இவற்றை எடுங்க.

புன்னைமரம்

தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு மறுப்பு. பத்தாம் வகுப்பு அகப்பொருள் இலக்கணத்தில் கருப்பொருள் (அந்தந்தத் திணைக்கு உரிய பறவை, விலங்கு, பறை, தொழில் முதலியவை) அட்டவணையிலேயே மக்கள் என்று ஒரு வரிசை இருக்கிறது. குறவர் குறத்தியர், ஆயர் ஆய்ச்சியர், உழவர் உழத்தியர், பரதர் பரத்தியர், எயினர் எயிற்றியர். திணையே மனிதர் வாழ்க்கையைச் சொல்வதுதான். அதை விட்டுவிட்டுக் கிளியும் மயிலும் மட்டும் காட்டினால் பாடம் பாதிதானே நிற்கும்?

அரிதாரப்பெட்டி

நியாயமான கேள்வி ஐயா. பாடத்தில் அந்தப் பெயர்களைப் படிப்பதில் தவறே இல்லை. ஆனால் அவற்றில் சில இன்றைக்கும் சமூகங்களின் பெயர்கள். அந்தச் சமூகப் பிள்ளைகள் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். வேடம் வெள்ளிக்கிழமை கலைந்துவிடும், பட்டப்பெயர் பத்தாம் வகுப்பு முடியும்வரை ஒட்டிக்கொள்ளும். மனித வாழ்க்கை வேண்டும் என்றால் தொழிலைச் செய்து காட்டட்டும். தினைப்புனத்தில் கிளி ஓட்டுவது, நாற்று நடுவது, வலை இழுப்பது, ஏறு தழுவுவது. அதற்கு வேடமே தேவையில்லை. சீருடைமேல் ஒரு துண்டும் கையில் கருவியும் போதும்.

புன்னைமரம்

ஏற்கிறேன். தொழிலாகக் காட்டினால் பாடமும் நிற்கும், யாரும் நோக மாட்டார்கள். குறிஞ்சிக் குழுவுக்குக் கிளி ஓட்டும் கருவிகளின் பெயர்களே சங்கப் பாட்டில் இருக்கின்றன: தழல், தட்டை, குளிர். இவற்றில் தட்டை செய்வது எளிது. இரண்டடி மூங்கிலை ஒரு கணு மிச்சம் வைத்துப் பிளந்தால் உதறும்போது பட்பட்டென்று அடிக்கும். பிளந்த விளிம்பில் சிலாம்பு நிற்கும். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, பிடிக்கும் இடத்தில் துணி சுற்றிய பிறகே பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு குழுவும் தன் பறையோடு உள்ளே வரலாம். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி. உருவத்தைப் பெயின்ட் வாளியில் செய்துகொள்ளலாம். ஐந்துக்கும் ஐந்து வேறு தாளக்கட்டு வைத்தால், கண்ணை மூடிக் கேட்டாலே வருவது எந்தக் குழு என்று தெரிய வேண்டும். உண்மையான தோற்பறை கொண்டுவந்தால் ஈரத்தில் தோல் தொய்யும், தீயில் காய்ச்சித்தான் விறைப்பேற்ற வேண்டும். அந்தத் தீயை வேட அறையிலிருந்து வெகுதூரம் தள்ளி, பெரியவர் ஒருவர் கூடவே நின்று செய்ய வேண்டும். சார்ட் அட்டையும் வைக்கோலும் அணிந்த பிள்ளைகள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பொறுப்பாசிரியர்_9பி

நன்றி ஐயா, இருவருக்கும். பாலைக் குழுப் பிள்ளைகள்தான் முகம் வாடி இருக்கிறார்கள். "எங்களுக்கு மட்டும் வறண்ட நிலமா டீச்சர்" என்கிறார்கள். அவர்களுக்கு என்ன செய்யலாம்?

புன்னைமரம்

ஐந்தில் மேடைக்கு மிகவும் ஏற்றது பாலைதான் அம்மா. பாலைக்கென்று தனி நிலமே கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்து பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதை அப்படியே மேடையில் காட்டிவிடலாம். 12 பேரும் பச்சை உடையில் மலையாகவும் காடாகவும் வந்து நிற்கட்டும். துடி ஒலிக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் உடையைப் புரட்டினால் பழுப்பு. பருந்து ஒன்று குறுக்கே பறந்து போகட்டும். வலியிழந்த யானையும் பாலைக்கு உரியதுதான்.

அரிதாரப்பெட்டி

இது அருமை. செய்முறை சொல்றேன். பழைய பச்சைப் புடவையில் முழங்கால் வரை வருகிற ஒரு தோள்போர்வை வெட்டுங்க. உள்பக்கம் பழுப்புத் துணி, பழைய காக்கிப் பேன்ட் துணியே போதும். சாக்கு வேண்டாம், வேர்வையில் கழுத்தெல்லாம் அரிக்கும். இரண்டையும் ஓரம் மட்டும் சேர்த்துத் தைத்து, கழுத்தில் நாடா. நாடாவை உருவு முடிச்சாகப் போட்டால்தான் ஒரே இழுப்பில் வரும். துடியின் முதல் எட்டுத் தாள அடியில் முடிச்சை அவிழ்ப்பது, அடுத்த எட்டில் புரட்டி மீண்டும் போர்த்துவது. முடிச்சு கட்ட நேரம் இருக்காது, கையால் பிடித்துக்கொள்ளட்டும். ஒருவருக்குச் சிக்கினாலும் காட்சி கெடும். அதனால் குறைந்தது பத்து முறை பழக்கம் வேண்டும்.

மற்ற குழுக்களுக்கு அடிப்படை, முன்னும் பின்னும் தொங்கும் பலகை உடை. சார்ட் அட்டை 22-க்கு 28 அங்குலம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 28-ஐ நெட்டாக விட்டால் முழங்காலில் இடிக்கும், படி ஏற முடியாது. குறுக்காகத் திருப்பி உயரம் 22 வருகிற மாதிரி வைத்து, அகலத்தைத் தோள் அளவுக்கு வெட்டுங்க. ஒற்றை அட்டை ஆடிக் காற்றில் மடங்கும். இரண்டு அட்டைக்கு நடுவில் செய்தித்தாள் வைத்து மைதா பசையில் ஒட்டி, சமதரையில் புத்தகக் கட்டுகளை ஏற்றி ஒரு இரவு விடணும். வெயிலில் சாய்த்துக் காயவைத்தால் அப்பளம் மாதிரி சுருண்டுவிடும், பிறகு நேராகாது.

பசைக்கு ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற நாலு கப் தண்ணீரில் ஊற்றி 5 நிமிடம் கிளறி இறக்கணும். மறுநாளே புளிக்க ஆரம்பிக்கும், அன்றன்று காய்ச்சுங்க. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுகிற பழக்கம் உண்டு. அது நஞ்சு. முகமூடிக்கும் உடைக்கும் போடவே கூடாது.

தோள்பட்டைக்கு ரிப்பன் போட்டால் அறுக்கும். பழைய பனியனை 4 சென்டிமீட்டர் அகலத்தில் கிழித்தால் பட்டை தயார். அட்டையின் விளிம்பிலிருந்து 2 அங்குலம் உள்ளே துளை, துளைக்கு இரண்டு பக்கமும் துணித்துண்டு ஒட்டி வலு சேர்த்த பிறகு பட்டையைக் கோர்க்கணும். செலோ டேப்பை நம்பாதீங்க, வேர்வை பட்டால் பத்து நிமிடத்தில் விட்டுப்போகும். இடுப்பிலும் ஒரு கட்டு கட்டாயம். அது இல்லாவிட்டால் காற்றில் முன்பலகை முகத்தில் வந்து அடிக்கும்.

கிரேப் தாள் வேண்டாம், வேர்வையில் சாயம் ஒழுகிச் சட்டை பாழாகும். தெர்மாகோலும் வேண்டாம், மேடைக்குப் போவதற்குள் மூலை உடையும், மைதானம் முழுக்க உருண்டை உருண்டையாகச் சிதறும். தலையில் வைப்பது எதுவும் ஒரு அடிக்கு மேல் உயரக் கூடாது. முழு முகமூடியும் வேண்டாம், பக்கப் பார்வை போய்ப் படியில் தடுக்கி விழுவார்கள். தொப்பி மாதிரி நெற்றிக்கு மேல் நிற்கிற அலகு, கொம்பு போதும். மருதத்து நாரைக்கு 6 அங்குலக் கூம்பு அலகு, எருமைக்கு வளைந்த அட்டைக் கொம்பு. கொம்பு நுனியைத் துணி சுற்றி மழுக்கணும். முல்லைக் குழு ஏறு தழுவுவதைக் காட்டினால் இரண்டு பேர் ஒரு போர்வைக்குள் காளையாக வருவார்கள். பின்னால் குனிந்து வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது, மூச்சும் முட்டும். 2 நிமிடத்துக்கு மேல் போர்வைக்குள் வைக்காதீங்க.

கொல்லைத்தோட்டம்

செடி கொடி பற்றி ஒரு எச்சரிக்கை. உண்மையான பூ, இலை கொண்டுவரச் சொல்வார்கள், பார்த்துச் செய்யுங்கள்.

செங்காந்தள் நம் மாநில மலர், குறிஞ்சிக்கு உரியது, ஆடி ஆவணியில் வேலியோரம் பூத்தும் கிடக்கும். ஆனால் செடி முழுவதும் நஞ்சு, கிழங்கில் மிக அதிகம். பிள்ளைகள் கையாளவே வேண்டாம், சிவப்பும் மஞ்சளும் கலந்த தாளில் செய்துகொள்ளட்டும். நெய்தலுக்குத் தாழை மடல் தேடிப் போவார்கள். இலையின் இரண்டு ஓரத்திலும் நடுநரம்பிலும் முள் இருக்கும், கழுத்தில் போட்டால் கிழிக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. அரளியும் நஞ்சு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை, 2018-க்குப் பிறகு 2030-இல்தான், அதனால் அதற்கும் ஊதாத் தாள்தான். மாவிலை, வேம்பு, தென்னங்குருத்து, வாழைநார் இவற்றால் ஆபத்தில்லை.

அரிதாரப்பெட்டி

நல்ல நேரத்தில் சொன்னீங்க. முகப்பூச்சும் அப்படித்தான். போஸ்டர் கலர், குங்குமம், ஹோலிப் பொடி மூன்றும் முகத்துக்கு ஆகாது. துத்தநாக வெள்ளை, அதாவது மருந்துக் கடையில் கிடைக்கிற ஜிங்க் ஆக்சைடு பொடி, அதைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் வெள்ளை. கோடுகளுக்குக் கண்மை. முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து மறுநாள்வரை பாருங்க, சிவந்தால் அந்தப் பிள்ளைக்கு முகப்பூச்சு கிடையாது. கண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் விட்டே பூசணும். மீசைக்கு ஸ்பிரிட் கம் (நாடக ஒப்பனைப் பசை) போட்டு ஒட்டாதீங்க, பிள்ளைகள் தோலுக்கு எரியும். வரைந்தால் போதும்.

கலைக்கும்போது முதலில் தேங்காய் எண்ணெய் தொட்ட பழைய துணியால் துடைப்பு, அதற்கப்புறம்தான் சோப்பு. நேராகச் சோப்புப் போட்டால் எண்ணெய்ப்பூச்சு பரவிக் கண்ணில் இறங்கும். மஞ்சள் பூசியிருந்தால் சோப்புப் பட்டதும் செக்கச்செவேலென்று மாறும், பிள்ளை பயந்துவிடும். துணியில் பட்ட மஞ்சள் கறையும் அப்படியே. தண்ணீரில் அலசி வெயிலில் போட்டால் மங்கிவிடும். சத்துணவுக்கு மணி அடிப்பதற்குள் எல்லா முகமும் கையும் கழுவியாகணும்.

கோலமாவு_பிடி

இப்போ விளையாட்டு. டீச்சர், அஞ்சு அணிக்கு நாக்-அவுட் போட்டா 4 ஆட்டத்துல முடியும், ஆனா 3 அணிக்கு பை (முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்று) கொடுக்கணும், ரெண்டு அணி முதல் நாளே வீட்டுக்குப் போயிடும். குழு உணர்வு வரணும்னா லீக்தான். 10 ஆட்டம், 5 சுற்று, சுற்றுக்கு 2 ஆட்டம், ஒரு அணிக்கு ஓய்வு.

திங்கள்: முல்லை–பாலை, மருதம்–நெய்தல். ஓய்வு குறிஞ்சி.
செவ்வாய்: மருதம்–குறிஞ்சி, நெய்தல்–பாலை. ஓய்வு முல்லை.
புதன்: நெய்தல்–முல்லை, பாலை–குறிஞ்சி. ஓய்வு மருதம்.
வியாழன்: பாலை–மருதம், குறிஞ்சி–முல்லை. ஓய்வு நெய்தல்.
வெள்ளி பிற்பகல்: குறிஞ்சி–நெய்தல், முல்லை–மருதம். ஓய்வு பாலை.

அன்னைக்கு ஓய்வு எந்தக் குழுவோ அவங்கதான் கோட்டு நடுவர், ஸ்கோர், நேரம் எல்லாம். ஆடுற ரெண்டு அணிக்கும் வேண்டியவங்க இல்லாததால பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துடும்.

கபடி பையன்களுக்கு, கோ-கோ பொண்ணுங்களுக்குன்னு பிரிக்காதீங்க. 9, 10-க்கு கபடி, 6 முதல் 8-க்கு கோ-கோ, ரெண்டுலயும் ஆண் அணி தனி, பெண் அணி தனி. கபடி முழு ஆட்டம் 15-5-15 (15 நிமிடம் ஆட்டம், 5 இடைவேளை, மறுபடி 15) வச்சா நேரம் பத்தாது. 7-3-7 வச்சா 17 நிமிடம், மாற 3 நிமிடம், ஆக 20. ஆண்கள் 2 ஆட்டம், பெண்கள் 2 ஆட்டம், 80 நிமிடம் சரியா இருக்கும். விசிலடிச்சதும் அடுத்த அணி கோட்டுக்கு வெளியே தயாரா நிக்கணும், இல்லேன்னா கடைசி ஆட்டம் மணி அடிச்சும் முடியாது. கோ-கோ ஒரு இன்னிங்ஸ் மட்டும்: 5 நிமிடம் துரத்தல், 2 நிமிடம் இடைவெளி, 5 நிமிடம் துரத்தல். மாற 3 நிமிடம். நாலு ஆட்டம் ஒரு மணி நேரத்துல முடியும்.

ஆடுகளம். கபடிக்கு ஜூனியர் அளவு 12-க்கு 8 மீட்டர், நடுக்கோட்டுல இருந்து பாக் கோடு (பாடிப் போறவன் தாண்ட வேண்டிய கோடு) 3 மீட்டர், அங்கிருந்து போனஸ் கோடு 1 மீட்டர். ரெண்டு பக்கமும் லாபி (ஓரப் பட்டை) 1 மீட்டர், அது அந்த 8-க்குள்ளேயே அடக்கம். கோ-கோவுக்கு 27-க்கு 16 மீட்டர். மூலை சதுரமா இருக்கான்னு கண்ணால நம்பாதீங்க, மூலைவிட்டம் அளங்க. கபடிக்கு 14.42 மீட்டர், கோ-கோவுக்கு 31.38 மீட்டர். ரெண்டு மூலைவிட்டமும் ஒண்ணா இருந்தாதான் களம் சரி. இடம் பத்தலேன்னா கோ-கோவுல அகலத்தைக் குறைங்க, நீளத்தைக் குறைக்காதீங்க. கட்டங்கள் நெருங்கினா எழுந்திருக்கிறவன் முழங்கால் பக்கத்துல இருக்கிறவன் முதுகுல இடிக்கும்.

கோடு போட நீறாத சுண்ணாம்பு கூடவே கூடாது. வேர்வை பட்டா பொத்துப்போகும், கண்ணுல பட்டா பார்வையே பாதிக்கும். கோலமாவு போதும். முதல் நாள் சாயங்காலம் தண்ணி தெளிச்சு, அடுத்த நாள் மதியம் கோடு. காஞ்ச மண்ணுல போட்டா ஆடிக் காத்துக்கு ஒரு ஆட்டம்கூட நிக்காது. கபடிக் களத்துல கல் பொறுக்கி, சலிச்ச மண் ரெண்டு அங்குலம் பரப்புங்க. தரையில முழங்காலை ஊன்றிப் பாருங்க, வலிச்சா இன்னும் மண் வேணும்.

பொறுப்பாசிரியர்_9பி

சார், விதிகளில் தகராறு அதிகம் வருவது எங்கே?

கோலமாவு_பிடி

கபடியில மூணு இடம். பாடுறது நடுக்கோட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும், ஒரே மூச்சுல நடுவர் காதுக்குக் கேட்கணும். ரெண்டாவது, யாரையும் தொடாம திரும்புறவன் பாக் கோட்டைத் தாண்டியிருக்கணும், இல்லேன்னா அவுட். மூணாவது லாபி. தொட்ட பிறகுதான் லாபி ஆட்டக்களம், தொடாம லாபில கால் வச்சா அவுட். போனஸ் புள்ளி எதிரணி 6 பேருக்குக் குறையாம இருந்தாதான். ஒரு ரெய்டு (பாடிப் போய்த் திரும்புறது) 30 விநாடி, ஆல் அவுட்டுக்குக் கூடுதலா 2 புள்ளி. சூப்பர் டேக்கிள், மூணாவது ரெய்டு கட்டாயம் இதையெல்லாம் இந்த வாரத்துக்கு விட்டுடுங்க, பசங்க ஸ்கோர் எழுதுறப்போ குழம்பிடுவாங்க.

கோ-கோவுல பெரும்பாலும் தப்பு நடக்குறது "கோ" கொடுக்குறதுலதான். பின்னால இருந்து தொட்டு, சத்தமா கோ சொன்ன பிறகுதான் உட்கார்ந்தவன் எழுந்திருக்கணும். முன்கூட்டியே பாதி எழுந்துட்டா ஃபவுல். எழுந்தவன் ஒரு திசை எடுத்துட்டா கம்பத்தைத் தாண்டாம திரும்பக் கூடாது, நடுத்தடத்தையும் குறுக்கே கடக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கிற 8 பேரும் மாத்தி மாத்தி எதிரெதிர் பக்கம் பார்த்து உட்காரணும். ஓடுறவங்க மூணு மூணு பேரா உள்ளே வருவாங்க, அடுத்த மூணு பேர் நுழைவிடத்துல தயாரா நிக்கணும்.

நகம் வெட்டுறது, தோடு, வளையல், கயிறு கழட்டுறது, துப்பட்டா வீட்டுலயே வச்சுட்டு டி-ஷர்ட்டுல வர்றது. இதை முதல் நாள் ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு முறை வரிசையா நிக்க வச்சுப் பார்த்துடுங்க. வெள்ளிக்கிழமை வேடம் போட்ட யாரும் முகப்பூச்சோட கபடிக்கு வரக் கூடாது. எண்ணெய் பூசின கையும் கழுத்தும் வழுக்கும், பிடி நிக்காது. எதிரணி அதைப் பிடிச்சுக்கிட்டு முறையிட்டா அவங்க பக்கம்தான் நியாயம்.

வானவில்_மேசை

மன்றங்களுக்கு அந்த வாரத்தில் உண்மையான வேலை இருக்கிறது. மேடை ஓரத்தில் வரவேற்பு அட்டை பிடிக்க விட்டுவிடாதீங்க.

அறிவியல், கணிதச் சோதனைகளுக்கான வானவில் மன்றம் 6 முதல் 8 வகுப்புகளுக்கானது. வெள்ளிக்கிழமை ஐந்து மேசை போடுங்கள், திணைக்கு ஒன்று. நெய்தல் மேசையில் 250 மில்லி தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி உப்பு கரைத்தால் மூழ்கிக் கிடந்த முட்டை மிதக்கும். மிதக்கவில்லை என்றால் உப்பு அடியில் கரையாமல் நிற்கும், நன்றாகக் கலக்கிய பிறகு பார்க்கணும். மருதத்துக்கு வயல் மண் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு பாட்டிலில் குலுக்கி வைத்தால் மணல் முதலில் படியும், பிறகு வண்டல், களி பல மணி நேரம் கலங்கலாகவே நிற்கும். அதனால் முதல் நாளே ஒரு பாட்டிலைக் குலுக்கி வைத்துவிட்டு, அன்று ஒன்றைக் குலுக்கிக் காட்ட வேண்டும். பாலைக்கு இரண்டு மண்குடுவை, ஒன்றின் மேல் ஈரத்துணி, இரண்டிலும் வெப்பமானி. காற்று வீசும் நிழலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் வேறுபாடு தெரியும். ஜூலைக் காற்று இதற்கு நன்றாக உதவும். குறிஞ்சிக்கு மண்மேடு இரண்டு, ஒன்று வெறும் மண், மற்றொன்றில் புல் பதித்தது. ஒரே அளவு தண்ணீரைப் பூவாளியால் ஊற்றி, வழிந்து வரும் தண்ணீரின் கலங்கலை ஒப்பிடட்டும். முல்லைக்கு வரகு, சாமை, தினை மூன்றையும் கண்ணாடித் தட்டில் வைத்து உருப்பெருக்கியில் பார்த்து அடையாளம் காண்பது. தினை குறிஞ்சி உணவு என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லும்போது அந்த மேசைதான் கூட்டம் சேர்க்கும்.

வினாடி வினா மன்றம்: குழுவுக்கு 3 பேர், 6 சுற்று, சுற்றுக்கு 5 கேள்வி, ஆக 30. சமன் வந்தால் கேட்க மேலும் 5. நேர்விடைக்கு 10, கடந்து வந்த கேள்விக்கு 5. ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் கடத்தினால், விடை தெரியாத அணிக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் அணிக்கு இலவசமாகப் புள்ளி சேரும். அதைத் தடுக்க மூன்று சுற்று முடிந்ததும் கடத்தும் திசையை மாற்றுங்கள்.

சிறார் திரைப்பட மன்றம் வேட நிகழ்வைப் பதிவு செய்யட்டும். ஐந்து குழு, தலைக்கு 4 நிமிடம், மொத்தம் 20 நிமிடம்தான். ஒரு கைபேசி, படுக்கைவாக்கில், முக்காலி இல்லாவிட்டால் பெஞ்சின் மேல் செங்கல் அடுக்கி அசையாமல். சேமிப்பிடத்தில் 3 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் படம் எடுப்பவரின் முதுகுப்பக்கம் இருக்கும்படி மேடையைப் போடணும், இல்லையென்றால் முகம் எல்லாம் கறுப்பாக விழும். பெற்றோர் எழுத்தில் சம்மதம் தந்த பிள்ளைகளின் படம் மட்டுமே பள்ளிக்கு வெளியே போகலாம். வாட்சப் குழுவுக்கும் இதே கட்டுப்பாடுதான்.

இலக்கிய மன்றத்துக்கு அறிமுகம். குழுவுக்கு நான்கே வாக்கியம்: நிலம், பெரும்பொழுது, சிறுபொழுது, மேடையில் வரப்போகும் கருப்பொருள். ஒலிவாங்கியிலிருந்து ஒரு கைம்முட்டி தூரம் விட்டுப் பேசணும். காற்று இரைச்சலுக்கு மேலே மெல்லிய துணி ஒன்று கட்டிவிடுங்கள்.

கூட்டல்கணக்கு

பரிசுக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை விழும், முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். கபடிப் புள்ளி, வினாடி வினாப் புள்ளி, வேட மதிப்பெண் எல்லாவற்றையும் அப்படியே கூட்டக் கூடாது. வினாடி வினாவில் ஒரு குழு 80 எடுக்கும், வேடத்துக்கு மொத்தமே 30 மதிப்பெண். கூட்டினால் வேடத்துக்கு உழைத்த 12 பேரின் வேலை கணக்கிலேயே வராது. ஒவ்வொரு போட்டிக்கும் இடத்துக்கு மட்டும் புள்ளி: முதலிடம் 5, பிறகு 4, 3, 2, 1. கபடி ஆண், கபடி பெண், கோ-கோ ஆண், கோ-கோ பெண், வினாடி வினா, வேடம், ஆக ஆறு போட்டி. சமன் வந்தால் முதலிடங்கள் அதிகம் பெற்ற குழு.

வேடத்துக்கு 30-ஐ இப்படிப் பிரிக்கலாம்: திணைப் பொருத்தம் 10, பிள்ளைகள் கையால் செய்தது 10, குழுவாக இயங்கியது 6, நேரம் 4. அழகு என்று தனித் தலைப்பு வைத்தால் நடுவர்கள் அதற்குள்ளேயே எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள். "கையால் செய்தது" என்பதை மேடையில் கண்டுபிடிக்க முடியாது. வியாழன் மதியம் நடுவர்கள் ஐந்து வகுப்பறைக்கும் போய், செய்துகொண்டிருக்கும் பிள்ளைகளிடமே பசை எப்படிக் காய்ச்சினீர்கள், பட்டை எப்படிக் கோர்த்தீர்கள் என்று கேட்கட்டும். பெற்றோர் செய்து அனுப்பியிருந்தால் விடை வராது. நடுவர்கள் மூவரும் எந்தக் குழுவுக்கும் பொறுப்பாசிரியராக இருக்கக் கூடாது. பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து கேட்டால் வருவார்கள்.

அரிதாரப்பெட்டி

வியாழன் யோசனை நல்லது, ஆனா அன்று மாலைக்குள் எல்லா உடையும் முடிந்திருக்கணும். வெள்ளி காலை ஒட்டினால் ஃபெவிகால் காயாது. வேடம் வீட்டிலிருந்து போட்டு வரக் கூடாது, பேருந்தில் நசுங்கும். ஒவ்வொரு உடையிலும் பின்பக்கம் பெயர், வகுப்பு எழுதி, குழுவுக்கு ஒரு வகுப்பறையில் கொடியில் தொங்கவிடுங்க.

பொறுப்பாசிரியர்_9பி

எல்லோருக்கும் மிக்க நன்றி. அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். கடைசியாக ஒன்று. வெள்ளி காலை மழை வந்தால்? கோடை மழை முடிந்தாலும் ஜூலையில் இடி மழை வருகிறது.

கோலமாவு_பிடி

இந்த மாசத்து இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் டீச்சர், அதனால வேடம் காலையில வச்சது சரி. ஆட்டம்தான் மாட்டும். இடி கேட்டதும் களத்தை விட்டு எல்லாரும் கட்டடத்துக்குள்ள, மரத்தடியில யாரும் நிக்கக் கூடாது. கோ-கோ களம் காய்ஞ்சா மறுபடி ஆடலாம், கபடிக் களம் ஈரமா இருந்தா ஆடாதீங்க, கணுக்கால் திரும்பிடும். அஞ்சாவது சுற்றைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிட்டு, வினாடி வினாவை வெள்ளி பிற்பகலுக்கு இழுத்துக்குங்க.

அரிதாரப்பெட்டி

காலையில் மழை வந்தால் வராந்தாவில் நடத்துங்க, பலகை உடை நனைந்தால் ஐந்து நிமிடத்தில் உரிந்துவிடும். போஸ்டர் கலர் நன்றாகக் காய்ந்த பிறகு ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவு கலந்து மேலே ஒரு பூச்சு கொடுத்தால் தூறலுக்கு ஓரளவு தாங்கும். தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்கணும். தேய்த்தால் நிறம் கலங்கும். வேட அறையில் ஒரு பெட்டி வைங்க: பனியன் பட்டை பத்து, ஊசி நூல், கத்தரி, துணித்துண்டு, தேங்காய் எண்ணெய், துடைக்கப் பழைய துணி இருபது, குடிதண்ணீர். பாலைக் குழுவுக்கு மட்டும் நாடா ஒரு கட்டு கூடுதலாக வைங்க, இழுக்கிற வேகத்தில் அறுவது அங்கேதான்.